ஐந்தாவது வரியில் செவலை

தகரக் கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. பால்காரம்மா பதறி எழுந்து ஓடினாள். வாசலில் மனுஷர் யாரும் இல்லை. அறுந்த கயிற்றுத் துண்டு கழுத்தில் தொங்க, செவலைப் பசு நின்றிருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஆன பசு.

அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் சட்டென்று பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பின்பக்கக் கொட்டகையில் மாட்டு டாக்டர் மிஞ்சிய நான்கு மாடுகளின் எண் பொறித்த காதுவில்லைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் நிவாரண மனு. பத்தில் ஆறு போய்விட்டன என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீர் இழுத்துப் போன மாட்டுக்கு உடலைக் காட்ட முடியாது. டாக்டர் கையெழுத்துத்தான் சாட்சி. அது விழுந்தால் கொட்டகைக்குக் கூரை போடலாம், இரண்டு கறவை வாங்கலாம். பொய் மனு என்று அவர் எழுதிவிட்டால் ஆறுக்கும் சேர்த்துப் பட்டை நாமம். மனுவின் ஐந்தாவது வரியில் செவலை.

மனுவை எழுதிக் கொடுத்த கொழுந்தன் மூச்சிரைக்க வந்தான். "அண்ணி, தெருப்பக்கமா ஓட்டிட்டுப் போயிடறேன். கேட்டா பக்கத்து வீட்டு மாடுன்னு சொல்லிக்கலாம்."

"நீ சொன்னா அந்த மாடே நம்பாது."

பழக்கதோஷம், குனிந்து மடியைத் தொட்டாள். கை அப்படியே நின்றது. பன்னிரண்டு நாள் கறக்காத மடி கல்லாக இறுகி, சீழ் கோத்திருக்க வேண்டும். இது தொளதொளவென்று இருந்தது. காலையில்தான் யாரோ கறந்திருக்கிறார்கள். விரலை மோந்தாள். விளக்கெண்ணெய். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் காம்புக்கு வெண்ணெய் தடவும்போது, விளக்கெண்ணெய் தடவுவது அவள் வீட்டில் மட்டும்தான்.

நிமிர்ந்தாள். கொழுந்தன் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"பாலை என்னடா பண்ணின?"

"டீக்கடைக்கு ஊத்தினேன்."

"எங்க கட்டி வெச்சிருந்த?"

"செங்கல் சூளைக்குப் பின்னாடி. தண்ணி வடிஞ்ச மறுநாளே கெடச்சுது." தலையைச் சொறிந்தான். "நிவாரண ஆபீஸ்ல எப்படியும் பாதியா வெட்டிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க அண்ணி. ஆறுன்னு எழுதினாத்தான் மூணாவது தேறும்னு நெனச்சேன்."

கயிற்றுத் துண்டைப் பிடித்துச் செவலையை நேராக டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சார், அஞ்சாவது வரியில இருக்கறது இதுதான். உயிரோட இருக்கு. மனுல இருக்கறது தப்பு."

டாக்டர் காதுவில்லையைப் படித்தார். விலா எலும்பைத் தடவினார், மடியை அமுக்கிப் பார்த்தார். கொழுந்தனையும் ஒரு பார்வை பார்த்தார்.

"காட்டுல அலைஞ்ச மாட்டுக்கும் வேளாவேளைக்குத் தின்ன மாட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்மா. இருபது வருஷமா இதுதான் பொழப்பு."

"அப்போ மொத்தமும் போச்சா சார்?"

"நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா போயிருக்கும். இப்போ நீங்களே வந்து சொல்லிட்டீங்க. இதுக்குப் பேரு திருத்தம்." ஐந்தாவது வரியைக் கோடு போட்டு அடித்தார், ஓரத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "பாதியா வெட்டுவோம்னு ஊருல பேசிக்கறாங்களே, அது பொய். போன மாட்டுக்கு முழுசா உண்டு. மீதியை இன்னிக்கே அனுப்பிடறேன்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. செவலை வைக்கோலை இழுத்துத் தின்னத் தொடங்கிவிட்டது. டாக்டர் மனுவைத் தொட்டி விளிம்பில் வைத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவைக் கொண்டுபோனார்.

கொழுந்தன் குறுக்கே கையை நீட்டினான்.

"சார், கொஞ்சம் பொறுங்க. சூளைக்குப் பின்னாடி ஆறாவது வரி மாடும் நிக்குது."