பட்டியலில் ஐந்தாவது புத்தகம்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பின் அறையில் வேலை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, பொருத்தி, துடைத்து, டப்பாவில் போட்டு முன்னால் அனுப்ப வேண்டும். நாற்பத்து மூன்று வயது. கடையில் யாரும் அவளை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளியிருந்த நூலகத்தில் அவளைத் தெரியாத பிள்ளைகள் கிடையாது. அங்கே அவளுக்குப் பெயர் பட்டியலக்கா.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சமீபத்தில் தான் படித்ததில் ஐந்து புத்தகங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதி, நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாள். எல்லாமே சிறுவர் புத்தகங்கள், இல்லையென்றால் மாயாஜால நாவல்கள். வேறு எதுவும் அவளுக்கு இறங்காது. "இந்த வயசுல டிராகன் கதையா?" என்று புருஷன் கிண்டல் செய்வார். "உங்க நியூஸை விட டிராகன் தேவலை" என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொல்வாள்.

இந்த மாதப் பட்டியல் ஒட்டிய நாளிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் நாலு புத்தகங்களில் குறையில்லை. பொத்தான்களை விழுங்கும் ஒரு பூனையின் படக்கதை, இரட்டையர் துப்பறியும் கதை ஒன்று, காற்றுக்கு வாடகை வாங்கும் ராஜாவைப் பற்றிய சின்ன நாவல், அதோடு ஒரு மந்திரவாதியின் சமையல்காரி எழுதுவதுபோல் வந்த டைரி. ஐந்தாவதுதான் உறுத்தியது. 'ஏரியடி நகரம்' என்ற தடி நாவல். அரசர் காலத்தில், ஏரிக்கு அடியில் இருக்கும் ஊருக்குப் போய்விட்ட அக்காவைக் கூட்டிவரத் தங்கை இறங்கிப் போகிற கதை. முக்கால்வாசிதான் முடித்திருந்தாள். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. எப்படியும் தங்கை கூட்டி வந்துவிடுவாள் என்ற தைரியத்தில், "பத்து வயதுக்கு மேல் யாரும் படிக்கலாம். மூடி வைக்கும்போது மனசு லேசாகிவிடும்" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

மறுநாளே நூலகர் சந்தோஷமாகச் சொன்னார். "உங்க அஞ்சாவது புக் ஒட்டின அன்னிக்கே போயிடுச்சு. அந்த லிஃப்ட் மெக்கானிக் அம்மா இருக்காங்கல்ல, அவங்கதான் எடுத்துட்டுப் போனாங்க. பாவம், பெரிய பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா. தலைக்குள்ள கட்டியாம். எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம், அதனால தங்கச்சிதான் தினமும் சாயங்காலம் படிச்சுக் காட்டுதாம். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்."

அன்றைக்கே மிச்சத்தைப் படித்துவிட நினைத்தாள். இருந்தாலும் அந்த வாரம் முழுக்கக் கடையில் வேலை பெண்டெடுத்தது. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டே தன் சொந்தப் பிரதியில் கடைசி அத்தியாயத்தை முடித்தாள்.

அக்கா வரவில்லை. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்கள் மேலே வர முடியாது என்கிற விஷயம் கடைசிப் பதினைந்து பக்கத்தில்தான் வருகிறது. அக்காவே தங்கையை மேலே தள்ளி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறாள்.

அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை மூடினாள். மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், எழுந்தாள். ஒரு லென்ஸின் விளிம்பை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினாள். தினமும் ஒரு அத்தியாயம் என்றால் எதுவரை போயிருப்பார்கள்? இரண்டு அத்தியாயம் படித்திருந்தால்? மூன்று மணிக்கு, "தலை வலிக்குது சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அதுவும் முழுப் பொய்யில்லை.

போகிற வழியில் நூலகத்தில் நுழைந்து, எந்த ஆஸ்பத்திரி, எந்த அறை என்று நூலகரிடம் கேட்டுக்கொண்டு, எல்லாரும் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி முடியும் ஒரு புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். 'அந்தப் பிரதியில பக்கம் மாறியிருக்கு, திருப்பிக் கொடுத்துட்டு இதை வெச்சுக்கோங்க' என்று சொல்லலாம் என்பது திட்டம். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரின் முதுகை முறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் நூலகர் சொன்ன அறையைத் தேடிப் பிடித்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் மூச்சு விடாமல் படித்துக்கொண்டிருந்தது.

"...அப்புறம் அக்காவும் தங்கச்சியும் லிஃப்ட்டுக்குள்ள ஏறினாங்க. அந்த லிஃப்ட் ஏரிக்கு அடியிலேர்ந்து நேரா மேல போகும். ஆனா பாதி வழியில நின்னுடுச்சு. அதை இழுத்துக்கிட்டிருந்த ஆமைக்குக் கோபம் வந்துடுச்சு..."

பட்டியலக்கா அப்படியே நின்றாள். லிஃப்ட்டா? ஏரியடி நகரத்தில் லிஃப்ட் ஏது? ஆமை ஏது? மொத்தப் புத்தகமும் அவளுக்கு அத்துப்படி, கடைசி அத்தியாயம் உட்பட. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பதினொரு வயது இருக்கும், இரட்டைச் சடை போட்ட பெண் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் விரிந்திருந்தது. கண் மட்டும் ஜன்னலில் இருந்தது.

இவள் நிழலைப் பார்த்ததும் அந்தப் பெண், "இரு அக்கா, தண்ணி பிடிச்சுட்டு வரேன்" என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். கதவைச் சாத்தியவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க பட்டியலக்காதானே? உள்ள போய்ச் சொல்லிடாதீங்க."

"எதை?"

"முடிவை. நான் எப்பவுமே கடைசி அத்தியாயத்தைத்தான் முதல்ல படிப்பேன். இதை எப்படிப்பா அவகிட்ட படிக்கிறது? அதான் நடுவுலேர்ந்து நானே மாத்திட்டேன். இப்ப லிஃப்ட் பாதியில நிக்குது. எப்படி மேல கொண்டு போறதுன்னு தெரியல. நீங்க இவ்ளோ படிக்கிறீங்களே, ஒரு ஐடியா குடுங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கோபம் வந்த ஆமையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று யோசித்தாள். அதற்குள் மருந்துச் சீட்டும் கையுமாக அந்த அம்மா வந்துவிட்டார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை, சட்டைப் பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் செருகியிருந்தது.

பக்கம் மாறியிருக்கிறது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சின்னப் பெண் எதிரில் நிற்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, கொண்டுவந்த புத்தகத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"நான் அந்தப் புத்தகத்தை முழுசா படிக்காமலே எழுதிட்டேங்க" என்றாள். "கடைசியில அக்கா திரும்பி வரமாட்டா. இன்னிக்கு மத்தியானம்தான் எனக்கே தெரிஞ்சுது."

அந்த அம்மா மருந்துச் சீட்டை நாலாக மடித்தார்.

"மனசு லேசாகும்னு போட்டிருந்தீங்களே."

"ஆமாங்க."

"கடைசி மாடி வரைக்கும் ஓட்டிப் பாக்காம ஒரு லிஃப்ட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?" குரல் உயரவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "நான் படிக்கிற ஆளில்ல. எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு எடுத்துட்டு வந்தேன்."

"தப்புதாங்க."

நர்ஸ் வந்து டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னாள். "வா, நீயும்" என்று சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்தார். இவளைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. வராந்தாவில் நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம் நடந்தாள்.

"வெளியில நடந்துக்கிட்டே இருக்கிறது யாரு? உள்ளதான் வாங்களேன்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பெரியவளுக்குப் பதினாறு வயது. ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். மற்றக் கண்ணால் இவளை நிதானமாகப் பார்த்தாள். "பட்டியலக்கா. கதவு சாத்தினாலும் காது கேக்கும். ஆனா நீங்க பேசினது சரியா விழல. நீங்களே சொல்லுங்க, அந்தப் புக்ல முடிவு என்ன?"

"உன் தங்கச்சி படிச்சுக் காட்டறாளே..."

"அக்கா, அரசர் காலத்துக் கதையில லிஃப்ட் வருது. அதுக்குக் கேபிள் தேஞ்சு போச்சுன்னு ஒரு மீன் சொல்லுது. எங்கம்மா வீட்டுல பேசறதெல்லாம் அங்க வருது. மூணு நாளா சிரிப்பை அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கேன். நிஜ முடிவைச் சொல்லுங்க. பொய் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சுடுவேன்."

சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்காமல் சொல்வது இன்னொரு தப்பாகிவிடுமோ என்று கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அந்த ஒற்றைக் கண் விடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். தண்ணீரைக் குடித்தது, படிக்கட்டு, அக்கா தள்ளிவிட்டது, எல்லாவற்றையும்.

பெரியவள் மேல்கூரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு, "மேல வந்தப்புறம் தங்கச்சி அழுதாளா?" என்றாள்.

"அழுதா. ரெண்டு பக்கம்."

"ரெண்டு பக்கம்தானா?" அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "யார் எழுதினது இதை? இவளா இருந்தா இருநூறு பக்கம் அழுவா. அவங்களுக்குத் தங்கச்சியே இருந்திருக்காது." பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அந்த லிஃப்ட்டை எப்படிக் கிளப்புறான்னு பாக்கணும்" என்றாள்.

பட்டியலக்கா தலையாட்டிவிட்டு எழுந்தாள். அம்மாவும் சின்னவளும் திரும்பி வந்தபோது, பெரியவள் கேட்டதையும் தான் சொன்னதையும் வராந்தாவிலேயே அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சின்னவள் அதற்குள் அறைக்குப் போய்விட்டிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்தார். "என்கிட்ட அவ எதையும் கேக்கறதே இல்ல" என்றார். கிளம்பும்போது இவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பட்டியலுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினாள்: "ஐந்தாவது புத்தகத்தை முடிக்காமலே எழுதிவிட்டேன். முடிவு மனசை லேசாக்காது. எடுப்பவர்கள் தெரிந்து எடுக்கவும். மன்னிக்கவும்." நூலகர், "இதெல்லாம் யாரு கேட்டா?" என்றார். அவள் காகிதத்தின் நாலு மூலையையும் இன்னொரு முறை அழுத்தி ஒட்டினாள்.

வியாழக்கிழமை முழுவதும் மெஷின் பக்கத்திலேயே ஃபோன் கிடந்தது. ஆபரேஷன் காலை எட்டு மணிக்கு. பதினொன்றாயிற்று, ஒன்றாயிற்று. ஒவ்வொரு லென்ஸுக்கும் நடுவில் திரையைத் தட்டிப் பார்த்தாள். யாரோ கடன் அட்டை வேண்டுமா என்று கூப்பிட்டபோது கண்டபடி திட்டிவிட்டாள். மூன்றரைக்குத்தான் செய்தி வந்தது. எழுத்துப் பிழையோடு, அந்த அம்மா அனுப்பியது. "முடிஞ்சிது. கண்ண தொறந்தா. சின்னவ கைய புடிச்சிட்டு இருக்கா. டாக்டர் நல்லா போச்சுன்னாரு."

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருப்பது தெரிந்தது. முன்னறைக்குப் போய், அரை மணி நேரமாகக் காத்திருந்த பெரியவரிடம், "மன்னிச்சுக்கோங்க ஐயா, மாத்திப் போட்டுட்டேன். இன்னும் பத்து நிமிஷம்" என்றாள்.

"நிதானமா பண்ணும்மா" என்றார் அவர்.