பின்சீற்றில் அழகரத்தினம்

...உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருக்க வேண்டுமாம், சரி, இருக்கலாம், ஆனால் மூட்டைக்குக் கை இல்லை, மனுசனுக்கு இரண்டு கை இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லையே. முன்னால் இருப்பது கட்டின பெண்சாதியின் இடுப்புத்தான், பிடிக்கலாம், சட்டமும் இடம் கொடுக்கும், என்றாலும் டென்மார்க்கின் சில்க்போர்க் நடுச்சந்தியில், பட்டப்பகலில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன்... அழகரத்தினம் ஹெல்மெட்டுக்குள் நெளிந்தார். செலீனா நெளியவில்லை. கறுப்பு லெதர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வண்டியை இராசாத்தி மாதிரி ஓட்டினாள். ஜக்கெற் அவளோடு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் கிர்ஸ்டனுடையது, வண்டியும் கிர்ஸ்டனுடையது, அந்த உருளைக்கிழங்கு மூட்டைப் புத்திமதியும் கிர்ஸ்டன் சொன்னதுதான். வளைவில் செலீனா சாய்ந்தால் இவரும் சாய வேண்டும், எதிர்ப்பக்கம் நிமிரக்கூடாது, யோசிக்கவே கூடாது. யோசிக்காமல் இருப்பதா, அழகரத்தினமா? அதற்குப் பேசாமல் மூட்டையையே கட்டி அனுப்பியிருக்கலாம்.

எல்லாம் அந்த ஒரு வசனத்தால் வந்த வினை. சண்டை முடியட்டும். இருபது வருசமாக இந்த வீட்டில் எதற்கும் அதுதான் பதில். நாய்க்குட்டி வேண்டும் என்று மகள் நிஷாந்தி தரையில் உருண்டு அழுதபோது, சண்டை முடியட்டும் பிள்ளை. சோபாவை மாற்றுவோமா என்று செலீனா கேட்டபோதும் சண்டை முடியட்டும், சோபாவுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியாது, ஆனால் வாய் சொல்லிவிடும். ஒருநாளாவது எங்கேயாவது ஊர் பார்க்கப் போவோமா என்றால்... அதற்கு மட்டும் உண்மையாகவே மனம் வரவில்லை, அங்கே இலங்கையில் சனம் பதுங்குகுழிக்குள் இருக்க இங்கே கடற்கரையில் நின்று படம் பிடிப்பதா? அவர் மட்டுமா, எஸ்பியர்க்கிலும் அல்பர்ட்ஸ்லுண்டிலும் இருந்த சொந்தக்காரர் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். பிறகு போன வருசம் வைகாசியில் சண்டை முடிந்தது, யாரும் நேர்ந்துகொண்ட மாதிரி முடியவில்லை, மாதக்கணக்கில் வீட்டில் ரீவி போடவில்லை, சத்தமாய் ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு வருசம் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செலீனா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "சண்டை முடிஞ்சுதுதானே. இனி என்ன சொல்லப் போறீங்க?" கோபமாய்க் கேட்டிருந்தாலாவது பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவளோ சாதாரணமாய், உப்புக் காணுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். அழகரத்தினத்துக்குக் கண் எரிந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொண்டார்.

மனுசி அதற்கிடையில் களவாய் வகுப்புக்குப் போய் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள் என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது. வடக்குத் தாய்லாந்தாம், சியாங்மாயில் வண்டி வாடகைக்கு எடுத்து மலையைச் சுற்றி வருவதாம், ஆயிரத்துக்கு மேலே வளைவாம், உலகத்திலேயே வடிவான றோட்டாம். இன்றைக்கு ஹிம்மெல்பியர் வரைக்கும் போய்ப் பார்ப்போம், அங்கே கோப்பி குடிக்கும்போது ஓமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், பின்னேரம் ரிக்கெற் போடுகிறேன் என்று வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டாள். ஹிம்மெல்பியர் என்றால் வானமலை என்று அர்த்தம். ஏழெட்டுத் தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாய் நட்டால் முடிந்துபோகும் உயரம், அதற்கு இந்தச் சனம் வைத்த பெயரைப் பாருங்கள். அவரும் தடை சொல்லாமல் இல்லை. நாரி நோகும் என்றார். வெயில் ஒத்துவராது என்றார், மட்டக்களப்பில் பிறந்தவர்! சாப்பாடு உறைக்கும் என்றபோது நிஷாந்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஸ்லாப் அவ், ஃபார்" என்றாள், சும்மா இருங்கள் அப்பா என்று. அவள்தான் கொம்பியூட்டரில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஒருவன் ஹெல்மெட்டில் கமெரா கட்டிக்கொண்டு அந்த மலையில் ஓடுகிறான், வளைவு, மூங்கில், மேகம், திரும்ப வளைவு, உண்மையிலேயே வடிவுதான், பிறகு ஒரு திருப்பத்தில் மண்மூட்டை, குறுக்கே கட்டை, துவக்கோடு ஒரு ஆமிக்காரன். அவன் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான், போ என்று. பர்மா எல்லை கிட்ட, அதுதான் செக் பண்ணுகிறார்கள் என்றாள் மகள். அழகரத்தினம் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். அந்தத் தடையை மட்டும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? செலீனாவும் மட்டக்களப்பில் அதே கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வந்து போனவள்தான், ஆனால் ஆண்டவன் அவளைப் படைக்கும்போது பயம் என்ற சாமான் கையிருப்பில் இல்லை. இவர் அப்படியா? அந்த நாளில் கூட்டாளி பீற்றரின் ஹொண்டாவில் பின்சீற்றில் இருந்து வேலைக்குப் போவார், பாலத்தடியில் ஆமியின் சென்றி தெரிந்த உடனே இறங்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பீற்றர் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வருவான். ஒருநாள் பீற்றர் இறங்கக் கொஞ்சம் பிந்திவிட்டான். உள்ளே கூப்பிட்டார்கள். பின்னேரம் வந்தான், முகம் வீங்கி... வண்டி வரவே இல்லை. அட, இப்போது ஏன் அந்தக் கதை, இஞ்சே பார், வலப்பக்கம் வாவி, என்ன நீலம், பீச் மரங்கள் புதுஇலை விட்டு றோட்டுக்கு மேலே கூடாரம் போட்டிருக்கிறது, அப்பால் கடுகு வயல் மஞ்சளாய்க் கொட்டிக் கிடக்கிறது, இந்த றோட்டால் எத்தனை தரம் பஸ்ஸில் போயிருப்பேன், இதெல்லாம் அப்போது எங்கே இருந்தது? வளைவு வந்தது, செலீனா சாய்ந்தாள், இவரும் சாய்ந்தார், யோசிக்கவில்லை! இன்னொன்று, இந்தப் பக்கம், ஐயோ, இது நல்லாய்த்தான் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் விசிலடித்தார், கண்ணாடி மூச்சில் புகார் பிடித்தது, பரவாயில்லை. சந்தோசமாய் இருக்கிறேன் போல, என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் வண்டி மெதுவானது, நின்றது, மஞ்சள் அங்கியோடு யாரோ, குறுக்கே கட்டை...

றோட்டில் நின்றார். ஹெல்மெட் கக்கத்தில், அட்டை கையில். எப்போது இறங்கினார், எப்போது கழற்றினார், ஒன்றும் தெரியாது, கால்கள் அவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடித்திருந்தன. செலீனா போயே விட்டாள். அழகரத்தினம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வண்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான் அவர் உடம்பு. சரி, இறங்கியாயிற்று, இனி நடக்கத்தானே வேண்டும், நடந்தார், றோட்டுத் திருத்துகிற தடித்த டெனிஷ்காரனிடம் போய் அட்டையை நீட்டினார். அவன் வாங்கிப் பார்த்தான். அது மஞ்சள் நிற சுகாதார அட்டை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது.

"சுகமில்லையா? டொக்டரைக் கூப்பிடவா?" என்று பதறிப்போய்க் கேட்டான்.

அழகரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கொஞ்சமாய், பிறகு அடக்கமுடியாமல், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இல்லை, இல்லை, நல்ல சுகம், நீ நிற்பாட்டினாயே, அதுதான் இறங்கினேன் என்றார் டெனிஷில். அவன் தன் கையிலிருந்த, ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் நிற்பாட்டவில்லையே, பச்சைதானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போ போ என்று கையும் காட்டினேன். நீங்கள்தான் நிற்பாட்டினீர்கள்."

நாங்களா? நான் பின்சீற்றில் அல்லவா இருந்தேன்... சிரிப்பு அப்படியே நின்றது. அவரிடம் பிறேக் இல்லை.

தூரத்தில் வண்டி திரும்பி வந்தது. செலீனா முகக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டே பேசத் தொடங்கினாள். "என்னப்பா நீங்க, நான் அங்கால பாலம் வரைக்கும் தனியக் கதைச்சுக்கொண்டு போறன்! ஏன் இறங்கினீங்க?"

"நீ ஏன் நிப்பாட்டினனீ?"

"அந்தாள் மறிச்சுது."

"பச்சை எல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

செலீனா பலகையைப் பார்த்தாள். அவன் உதவியாய் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். லைசென்ஸ் சோதனையில் ஒரு பிழைகூட விடாதவள் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையுறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

"செலீனா, தாய்லாந்தில அந்த றோட்டில... அந்த வீடியோவில..."

"ஓம். நானும் பாத்தனான்தானே," என்றாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஏறுங்க. பின்னால கார் நிக்குது."

ஏறினார். இவளும் பார்த்தாளாம். எந்த நாள் பார்த்தாள், பார்த்துவிட்டுமா லைசென்ஸ் எடுத்தாள், இல்லை, பார்த்ததால்தான் எடுத்தாளா? இத்தனை வருசமாய் ஒரே கட்டிலில் ஒரே பாலத்தை ஆளுக்கு ஆள் தெரியாமல் கடந்துகொண்டிருந்திருக்கிறோமா? கேட்க வாய் வந்தது, காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. கோப்பிக் கடையில் கேட்கலாம். கேட்காமலும் விடலாம். ஓம் என்று சொல்லத்தான் போகிறார், அது எப்படியோ முடிவாகிவிட்டது. அந்த ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு கை காட்டட்டும், கால்கள் தங்கள் பாட்டில் இறங்கினால் இறங்கட்டும், இந்த முறை முன்சீற்றும் சேர்ந்து இறங்கும் போலத்தான் இருக்கிறது...