அடிப்பக்கத்துத் தேதி

அவருக்குச் 'சந்தேகம்' என்று பேர் வைத்தது யார் என்று அவருக்கே தெரியாது. முகத்துக்கு நேரே எவனும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் கோபப்பட்டிருக்க மாட்டார். நாற்பது வருஷம் டீசல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் யாரையாவது நம்பினால்தான் ஆச்சரியம். ஸ்பேர் கடைக்காரன் பழசைக் கழுவிப் புதுசு என்பான். டிரைவர் புதுசைக் கழற்றி விற்றுவிட்டு, "நீ மாத்தவே இல்ல" என்று வந்து நிற்பான். அதனால் அவரிடம் ஒரு பழக்கம். எந்தச் சாமானைப் பூட்டினாலும் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஆணியால் தேதி கீறுவார். நாள், மாசம், வருஷம், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. படிப்பு மூணாங்கிளாஸோடு சரி, ஆனால் எண் மட்டும் தப்பாது.

அன்று காலை ஷெட்டின் இரும்புக் கதவை ஏற்றினால் வெளியே அந்த வெள்ளை வேன் நிற்கிறது. கதவைத் திரும்ப இறக்கிவிடப் பார்த்தார்.

தம்பியின் வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி வளைவில், மேட்டில், ஒரு லாரியை முந்தப் போனவனுக்குப் பாதியில் வண்டி இழுவை செத்துப்போனது. எதிரே பஸ். அவ்வளவுதான். நசுங்கிய வேனை வேறு எங்கேயோ கொடுத்து நிமிர்த்தி இப்போது தம்பி மனைவி ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுகளுக்கும் சலவை மூட்டை கொண்டு போகிற வேலை. இதுவரை நாலு தடவை வண்டியைக் கொண்டுவந்தாள். நாலு தடவையும் தலைக்கு மேல் வேலை என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"இன்னைக்கு முடியாது," என்றார்.

"நான் இன்னும் வாயே தொறக்கல மாமா."

"தொறந்தா என்ன வரும்னு தெரியும். டர்போ பைப்புதானே?"

"அதேதான். அஞ்சு மாசத்துல மூணு பைப்பு. மூணு மெக்கானிக்கு. ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் சமத்தா இருக்கும். தொட்டி வளைவுக்குப் போனா விசில் அடிக்கும். அப்புறம் டப்புன்னு கழண்டுக்கும். வண்டி மூச்சு இல்லாம நின்னுடும்."

"மேடு. மூட்டை. நீ அமுக்கிப் பிடிப்பே, டர்போ காத்தை அழுத்திப் பைப்பு வழியா என்ஜினுக்குத் தள்ளும். இருக்கறதுலயே அந்தப் பிளாஸ்டிக்குதான் சவலை, அது கழண்டுக்கும். இதுல என்ன அதிசயம்?"

"விசில் எப்படி அடிக்குது தெரியுமா? உங்க தம்பி ரெண்டு விரலை வாயில வெச்சு அடிப்பாரே, அப்படி."

சின்ன வயசிலிருந்தே தம்பி அவரைப் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ தூரத்திலிருந்து கூப்பிட்டதில்லை. தெருக்கோடியிலிருந்து ஒரே விசில். இவர் எங்கே இருந்தாலும் திரும்புவார்.

"ஓட்டை வழியாக் காத்து வந்தா விசில்தான் அடிக்கும். பின்னே, பாட்டா பாடும்?" என்றார். வாய்தான் நக்கலடித்தது. கண் தெருக்கோடிக்குப் போய் வந்தது.

"நேத்து நடுரோட்டுல நின்னுட்டேன். பின்னால வந்த லாரிக்காரன் எப்படி ஒடிச்சான்னு அவனுக்கே தெரியாது. இனிமே நீங்க பூட்டுனாத்தான் ஓட்டுவேன். இல்லேன்னா சாவி இங்கயே கெடக்கட்டும். பிள்ளைங்களுக்கு எப்படிச் சோறு போடுறதுன்னு வேற யோசிச்சுக்கறேன்."

சாவியை மேசையில் வைத்தாள். கூடவே ஒரு துணிப்பை, அதன் மேல் பிரிக்காத புதுப் பைப் ஒன்று.

அவர் புதுப் பைப்பை எடுத்தார். முகர்ந்தார், வளைத்துப் பார்த்தார். ஓரத்து ஒட்டுக்கோட்டை நகத்தால் தடவினார். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே இடத்தில் நின்று, தம்பி வாங்கி வந்த புதுசை இப்படித்தான் பார்த்தார். அன்றைக்குக் கோடு கோணலாகத் தெரிந்தது. டூப்ளிகேட் என்று மூலையில் எறிந்துவிட்டுப் பழசையே துடைத்துப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினார். நல்ல சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தார். சாயங்காலம் தம்பி வந்து, "மாத்திட்டியாண்ணே?" என்றான். விவரம் சொன்னால் அவன் தொணதொணப்பான். "ம்" என்றார். ஆறாம் நாள் அவன் இல்லை. அந்த ஒரு 'ம்' இன்னும் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஏறி உக்காரு," என்றார். "ஹேண்ட் பிரேக்கைப் போடு. முதல் கியர். கிளட்ச்ச கொஞ்சமா விட்டு ஆக்சிலேட்டரை அமுக்கு."

பானட்டைத் தூக்கிவிட்டு ஓரமாக நின்றார். அவள் அமுக்கியதும் என்ஜின் நாற்காலியை விட்டு எழப்போகிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. பைப்பின் வாய் வெளியே இழுபட்டது. ஜாக்கி வைத்து, முட்டுக் கொடுத்து, அடியில் புகுந்து பார்த்தார். என்ஜினைத் தாங்குகிற கீழ் மவுண்ட்டில் ரப்பர் இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

"மூணு பேரும் பைப்பையே மாத்தியிருக்கானுங்க! காய்ச்சல்காரனுக்கு வைத்தியம் பாக்காம போர்வையை மாத்துன கதை!" அடியிலிருந்தே கத்தினார். இரண்டு வருஷத்தில் நெஞ்சு இவ்வளவு லேசானதில்லை. "மவுண்ட்டு போயிருந்தா எந்தப் பைப்பும் நிக்காது. அன்னைக்கும் இதேதான் ஆகியிருக்கும். பைப்பு மேல தப்பே இல்ல!"

மேலே வண்டிக் கதவு திறந்து மூடியது.

"இந்த மவுண்ட்டு ஆக்சிடெண்டுக்கு அப்புறம் போட்டது மாமா. என்ஜினையே இறக்கித்தானே ஏத்துனாங்க? பழச நான் கண்ணால பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் வெளியே வந்தபோது அவள் துணிப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பழைய பைப் ஒன்று, வாய் பிளந்து, காய்ந்த எண்ணெய் அப்பி இருந்தது. அடிப்பக்கம் மேசையில் படும்படி வைத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல வேனை எடுக்கப் போனப்ப கீழ கெடந்துச்சு. சமையக்கட்டு அலமாரியில வெச்சிருக்கேன், ரெண்டு வருஷமா."

அவர் பேயறைந்த மாதிரி நின்றார். அடுப்பு பக்கத்தில், தட்டு டம்ளர் பக்கத்தில், அவர் கையால் கீறிய தேதி. கையை நீட்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிடலாம். பழசு, எதுக்கு இதெல்லாம் என்று பூசி மெழுகிவிடலாம். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் மாத்தல," என்றார்.

"திருப்பிப் பாருங்க."

"பாக்க வேணாம். பதினொண்ணாம் மாசத் தேதி இருக்கும், அவன் போனதுக்கு முந்தின வருஷத்துது. புதுச நம்பாம தூக்கி எறிஞ்சேன். அவன் கேட்டப்ப மாத்திட்ட மாதிரி 'ம்'னேன்."

அவளே பைப்பைத் திருப்பி வைத்தாள்.

"கெடச்ச அன்னைக்கே பாத்துட்டேன் மாமா. நீங்க ஆணியால கீறுறதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு அவரு."

"பின்னே ஏன் கேக்கல?"

"கேட்டா எதையாவது சொல்லித் தப்பிச்சிருப்பீங்க. நீங்களாச் சொல்லட்டும்னு நாலு வாட்டி வந்தேன். வாசலோடயே அனுப்பிட்டீங்க. பைப்பு கழண்டு நான் செத்திருந்தா, அப்பவாவது சொல்லியிருப்பீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"மவுண்ட்டு எங்க கெடைக்கும்னு சொல்லுங்க, வாங்கியாறேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு மூட்டை போகணும்."

வாங்கி வந்தாள். மவுண்ட்டைப் பூட்டினார், புதுப் பைப்பை மாட்டினார், கிளிப்பை இறுக்கினார். பிறகு ஆணியை எடுத்தார். பைப்பின் அடிப்பக்கத்தில் அவர் கீறும்போது அவள் முழங்கால் போட்டுக் குனிந்து, தலையைச் சாய்த்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். படித்துவிட்டுப் போனை எடுத்து இன்றைய தேதியைச் சரிபார்த்தாள். ஷெட்டுக்குள் அவரைச் சோதித்த முதல் ஆள். அவருக்குக் கோபம் வரவில்லை.

"நீங்களும் ஏறுங்க," என்றாள்.

பின்னால் மூட்டைகள் கூரை வரை இருந்தன. ஈரத்துணியும் சோப்பும் கலந்த வாடை. அவர் சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தார். தொட்டி தெரிந்தது. மேடு தொடங்கியதும் அவள் அமுக்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் முட்டிகள் வெளுத்தன. வேன் திணறவில்லை. வளைவுக்குள் புகுந்து, ஒரே இழுப்பாக ஏறியது.

"விசில் இல்ல," என்றாள். தோள் இரண்டும் இறங்கின. "அப்பாடா."

அவருக்குக் கேட்டது.

இரண்டு விரல் விசில். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, தெருக்கோடியிலிருந்து வருகிற மாதிரி. கழுத்து தானாகத் திரும்பியது. வெள்ளை மூட்டைகள்தான் இருந்தன.

"நிறுத்து."

"எதுக்கு?"

"கேக்கல?"

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். பயமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"எனக்கு நின்னுடுச்சு மாமா," என்று சொல்லிவிட்டு அடுத்த கியரைப் போட்டாள்.

விசில் மறுபடி வந்தது. இந்தத் தடவை பிடரிக்குப் பக்கத்தில், 'மாத்திட்டியாண்ணே?' என்று கேட்டுச் சரியான பதில் வராதவன் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி. 'ம்' என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.