பலூன் வளைந்த இடம்

"ஒரு காக்கா பறக்கறது. லேசர் வெளிச்சம் அது மேல பட்டுத் திரும்பி வரது. அந்த இடத்தைப் பார்த்து, லேசரை அனுப்பற நம்ம கண்ணாடியைத் திருப்பினா, காக்கா அங்கே இருக்குமோ?" என்று ஸ்ரீரங்கன் கேட்டது, கல்யாணமான புதிதில், மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில்.

"திருப்பறதுக்குள்ள தாண்டிப் போயிருக்குமே. போகப்போற இடத்துக்குன்னா திருப்பணும்" என்றாள் சூடாமணி.

அசந்துபோனான். அடையாற்று ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அதுதான் வேலை. வானத்தில் விட்ட பலூன் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று கணிப்பது. அன்றிலிருந்து கணக்குகள் வீட்டுக்கு வந்தன. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள், ரசம் கொதிக்கும் நேரத்தில் லாகரிதம் புத்தகத்தைப் புரட்டி அவற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜலஜா ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. வீட்டுக்குப் பேச்சு மட்டும் வந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாருக்கு முன்னால் ஜலஜா வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நேரிலும் வருவாள். "உங்க காபிக்காகவே வரலாம், மாமி" என்பாள். சூடாமணிக்கு இருபத்தேழு, அவளுக்கு இருபத்தாறு. அந்த 'மாமி'க்காகவே டிகாக்‌ஷனில் வெந்நீர் விட்டுக் கொடுத்ததுண்டு.

இரண்டு வாரமாகப் பரிசோதனை தகராறு செய்தது. காலையில் பலூனை விடாமல் துரத்திய லேசர், பிற்பகலில் கோட்டை விட்டது. கருவியில்தான் கோளாறு என்றாள் ஜலஜா. வீட்டுக் கூடத்தில் அவர்கள் விரித்திருந்த வரைபடத்தை, காபி வைக்கும்போது முதல் நாளே சூடாமணி பார்த்துவிட்டாள். பலூன் போன கோடு வளைந்திருந்தது. கணித்த புள்ளிகளோ வளைவை விட்டு வெளியே நேராக ஓடின. புரிந்துவிட்டது. திணறட்டும் என்று டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

இந்த ஞாயிறு இருவரும் காபியைத் தொடவில்லை. புதன்கிழமை தில்லியிலிருந்து பார்வையிட வருகிறவர்கள் முன்னால் தவறினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்றான் ஸ்ரீரங்கன். ஜலஜாவின் கண்கள் சிவந்திருந்தன. சூடாமணிக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒரு மணிக்குக் கடல்காத்து வந்துடும். கொடியில துணியே திரும்பிக்கறது, பலூன் திரும்பாதா? நீ அதோட வேகத்தை மட்டும் எடுத்துண்டிருக்கே. அந்த வேகம் மாறிண்டே போறதைச் சேர்க்கலையே."

ஜலஜா பென்சிலை எடுத்து இரண்டு வரி போட்டாள். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"முதல் நாளே."



"ஏன் சூடி சொல்லலை?" என்றான் ஸ்ரீரங்கன். கோபமில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

புடவைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்தாள்.

"பொறாமைதான். என்னையும் உங்க ஆய்வுக்கூடத்துல வேலைக்கு எடுத்துப்பாளான்னு கேளுங்கோளேன்."