ரெண்டு பெட்டிக் கணக்கு

ஊருக்கு வருவதென்றால் துல்கர்னைனுக்குக் கொண்டாட்டம்தான். லீவு கிடைத்தால் போதும், ரயில் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்காமல் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு ஆனி மாசம் தென்காசியில் இறங்கியபோது மட்டும் அவனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சட்டைப் பையில் ஒரு கணக்கு இருந்தது. அதை அவன் சிநேகிதன் வல்லிநாயகத்திடம் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். போட்டுவிட்டால் வல்லிநாயகம் பழையபடி பம்பாய்க்கு வேலைக்கு வரலாம். போடாவிட்டால் அதோடு சரி.

ரெண்டு பேரும் தென்காசியில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். பம்பாயிலும் ஒரே ஆபீஸ். கம்ப்யூட்டர் என்கிற மிஷினை ஒரு ஹால் முழுக்க நிறுத்தி வைத்து, அட்டையில் துளை போட்டு அதற்கு வேலை சொல்கிற ஆபீஸ். அந்த மிஷின் என்னதான் செய்யும் என்று ஊரில் கேட்டால், சொல்வதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, உங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி இல்லை என்பான் வல்லிநாயகம். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்குப் பரீட்சைக் கணக்குப் போடுவது அவன் பொறுப்பு. அதில் அவன் பெரிய கில்லாடி. பார்த்தால் சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும், நாலைந்து எண்களை வரிசையாக எழுதி ஏதாவது கண்டுபிடிக்கச் சொல்லியிருப்பான். அந்த எண்களை அவன் பொறுக்கி எடுக்கிற விதத்தில்தான் சூட்சுமம். தப்பாக யோசித்தவன் எவனும் அந்த வரிசையைத் தாண்டிப் போக முடியாது, எங்கேயாவது ஒரு எண் காலை வாரிவிடும். கண்ணி இல்லாத கணக்கு கணக்கே இல்லை என்பான். துல்கர்னைன் போட்டுக் காட்டுகிற கணக்கையெல்லாம், சவத்தைக் கிழிச்சுப் போடு, இதுல எந்தக் கூமுட்டையும் பாஸாயிருவான் என்று தூக்கி எறிவான்.

மாசியில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்ததே பெரிசு என்றார்கள். பிழைத்தான், நடந்தான், சிரித்தான், ஆனால் என்னமோ சரியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் பெரியவருக்கு மிஷின் வாங்கத் தெரியும், அதற்கு வேலை சொல்லத் தெரியாது. அவர் துல்கர்னைனைக் கூப்பிட்டு, ஊருக்குத்தானே போகிறாய், புதுப் பையன்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு கணக்கு அவனுக்கும் கொடு, அவன் கைப்பட எழுதின விடையைக் கொண்டு வா, சரியாக இருந்தால் அவன் நாற்காலி அவனுக்கு, இல்லையென்றால் உனக்கு என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை துல்கர்னைனை விடவில்லை. ரயிலில் சோறே இறங்கவில்லை.

ரயிலில்தான் கணக்கை உண்டாக்கினான். ஒரு வரிசையில் சில எண்கள். மிஷின் அந்த வரிசையில் ஒரே தடவைதான் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு எண்தான் அதன் கண்ணில் படும், விட்டு வந்ததைத் திரும்பிப் பார்க்க முடியாது. நினைவில் வைத்துக்கொள்ள ரெண்டே பெட்டி. ஒன்றுக்குப் பெரியவன் என்று பெயர், மற்றதற்கு அடுத்தவன். வரிசை முடியும்போது, இருப்பதிலேயே பெரிய எண் பெரியவன் பெட்டியிலும் ரெண்டாவது பெரிய எண் அடுத்தவன் பெட்டியிலும் இருக்க வேண்டும். அதற்கு என்னென்ன உத்தரவு போடவேண்டும், இதுதான் கேள்வி.

கண்ணி எங்கே என்றால், நடுவில் ஒரு புதுப் பெரிய எண் வந்து நிற்கும் அல்லவா, அங்கே. அதுவரை பெரியவன் பெட்டியில் இருந்தவன் எழுந்து அடுத்தவன் பெட்டிக்குப் போகவேண்டும், அப்புறம்தான் புதியவன் உட்கார வேண்டும். அவசரக்காரப் பையன்கள் அதை மறந்து, புதியவனை நேரே பழையவன் தலைமேல் உட்கார்த்திவிடுவார்கள். பழையவன் அந்தக் கணத்தோடு காணாமல் போவான். அந்தப் பிசகைப் பிடிக்கத் தோதாகத்தான் துல்கர்னைன் 17, 58, 91, 23, 40 என்று எழுதியிருந்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வரிசை. வல்லிநாயகமே பார்த்தால் கிழித்துப் போட மாட்டான் என்று அந்தத் துக்கத்திலும் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது.

வல்லிநாயகமும் அவன் பெண்சாதி ஆவுடையம்மாளும் அப்போது குற்றாலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் கலங்கின புத்தி தெளியும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பி அவள் சீசன் தொடங்கின நாளிலிருந்து அவனைக் காலையும் சாயங்காலமும் கூட்டிப்போய் அருவிக்கடியில் நிறுத்துகிறாள். துல்கர்னைன் போனபோது சாரல் பிடித்திருந்தது. துவைத்த துணி ஒன்றும் காயாமல் அறை முழுக்க ஈரவாடை அடித்தது. ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த வல்லிநாயகம் இவனைக் கண்டதும், ஏலே துல்கர், இன்னும் மிஷினுக்குத் தீனி போடுதியா, இல்ல அது ஒன்னத் தின்னுட்டா என்று ஆரம்பித்தான். பழைய வல்லிநாயகம் அப்படியே இருந்தான். துல்கர்னைனுக்கு உசிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

அரைமணி நேரம் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குடையை ஒளித்து வைத்ததையெல்லாம் வல்லிநாயகம் ஒன்று விடாமல் சொன்னான். மிஷினுக்கான உத்தரவுகளை மனப்பாடமாக ஒப்பித்தான். அந்த நேரத்தில் லாட்ஜ்காரர் கதவைத் தட்டி வெந்நீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். வல்லிநாயகம் திரும்பினான், இவனைப் பார்த்தான், முகம் மலர்ந்தது. ஏலே துல்கர், எப்பம்லே வந்தே என்றான்.

ஆவுடையம்மாள் துல்கர்னைனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து மெல்லச் சொன்னாள். பழசெல்லாம் கல்லுமாதிரி இருக்கிறது, கையில் இருப்பதுதான் நிற்கமாட்டேன் என்கிறது. புதுசாக ஒரு ஆளோ ஒரு பேச்சோ வந்தால் அதற்கு முந்தினது போய்விடுகிறது. போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை என்று அவளே சொல்லிக்கொண்டாள், சொல்லும்போது துல்கர்னைன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, பம்பாய்க்குப் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் தன்னால் சரியாகும், அதுக்குத்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்றாள். சட்டைகளை நேற்றே வெளுத்துவிட்டாளாம்.

துல்கர்னைன் சட்டைப் பையில் இருந்த கணக்கைத் தொட்டுப் பார்த்தான். அவன் ரயிலில் அவ்வளவு சமர்த்தாக வைத்த கண்ணி இருக்கிறதே, அது அச்சாக வல்லிநாயகத்தின் வியாதி. புதியவன் வந்தால் பழையவன் காணாமல் போவான். உலகத்தில் எத்தனையோ கணக்கு இருக்க, இந்த எழவுக் கணக்குத்தானா தனக்குத் தோன்ற வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான். இதைக் கொடுத்து அவன் தவறினால், சிநேகிதனைக் கவிழ்த்து நாற்காலியைப் பிடித்தான் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், அவன் மனசே சொல்லும்.

தாழ்வாரத்திலேயே நின்று வேறொரு காகிதத்தில் கணக்கைத் திருப்பி எழுதினான். கேள்வி அதேதான், எண்களும் அவையேதான், வரிசையை மட்டும் மாற்றினான். 91, 17, 58, 23, 40. பெரிய எண் முதலிலேயே வந்து பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதை எழுப்ப ஆளில்லை. மறக்கக் கூடாததை மறந்தாலும் விடை சரியாகவே வரும். வாழ்க்கையில் முதல்தடவையாக, தப்பான ஆளும் தாண்டிப் போகிறமாதிரி ஒரு கணக்கு உண்டாக்கினான். பெரியவருக்கு விடையைப் பார்க்கத் தெரியும், வழியைப் பார்க்கத் தெரியாது. அது போதும்.

இது பெரியவர் கேட்ட பரீட்சை, சரியாப் போட்டா நீ பம்பாய்க்கு வரலாம் என்று சொல்லித் துல்கர்னைன் நீட்டிய காகிதத்தை வாங்கினதும் வல்லிநாயகம் ஆளே மாறிப்போனான். முதுகு நிமிர்ந்தது. பென்சிலைக் காதில் செருகினான், எடுத்தான், எழுதினான். கேள்வி தாளிலேயே கண்முன் இருந்ததால் அது கைநழுவவில்லை. ஒவ்வொரு உத்தரவும் மணிமணியாக வந்தது. துல்கர்னைன் பக்கத்தில் இருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். புதியவன் பெரியவனைவிடப் பெரிசானால் பெரியவன் பெட்டியில் போடு, இல்லாவிட்டால் அடுத்தவனோடு ஒத்துப் பார்த்துப் பெரிசானால் அந்தப் பெட்டியில் போடு என்று எழுதியிருந்தது. பழையவனை அடுத்தவன் பெட்டிக்கு மாற்று என்கிற வரி இல்லை. வரும் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வல்லிநாயகம் வரிசையை அதில் ஓட்டிப் பார்த்து, பெரியவன் 91, அடுத்தவன் 58 என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டான். விடை சரி.

கதவோரம் நின்ற ஆவுடையம்மாளுக்குத் துல்கர்னைன் தலையை ஆட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

துல்கர்னைன் காகிதத்துக்குக் கை நீட்டினான். வல்லிநாயகம் கொடுக்கவில்லை. எண் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வருஷப் பழக்கம் அது, காய்ச்சல் அதைத் தொடவில்லை.

"பெரியவன ஏம்லே முதல்லயே கொண்டு வச்சிருக்கே? இதுல கண்ணி எங்கன?"

அவசரத்தில் எழுதினது, இருக்கட்டும், கொடு என்று துல்கர்னைன் மழுப்பினான். அவன் விடுகிறவனா? இது என்ன கணக்கு, இதுல கழுதைகூடப் பாஸாயிரும் என்று சிரித்துக்கொண்டே முதல் காகிதத்தைத் துல்கர்னைனிடம் நீட்டிவிட்டு, இன்னொரு தாளை எடுத்து 91-ஐ நடுவில் கொண்டுபோய் வைத்தான். 17, 58, 91, 23, 40. இப்பம் பாரு, பயலுவ எப்படி விழுதானுவன்னு சொல்லுதேன் என்று தன் உத்தரவுகளையே மறுபடி எழுதி வரிசையை ஓட்டினான். பதினேழு பெட்டிக்குப் போனது. ஐம்பத்தெட்டு அதன் மேல் உட்கார்ந்தது. தொண்ணூற்றொன்று ஐம்பத்தெட்டின் மேல் உட்கார்ந்தது. இருபத்துமூன்று அடுத்தவன் பெட்டிக்குப் போனது, நாற்பது அதன் மேல் உட்கார்ந்தது. கடைசியில் பெரியவன் 91, அடுத்தவன் 40.

பென்சில் நின்றுவிட்டது. வரிசையைப் பார்த்தான், விடையைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். மறுபடியும் நாற்பது.

"அம்பத்தெட்டு எங்கலே போச்சு?"

வல்லிநாயகம் ரெண்டு உத்தரவுகளுக்கு நடுவே விரலை வைத்தான். இங்கன ஒரு வரி உண்டு, நானே எல்லாப் பயலுவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன், இங்கன ஒண்ணு உண்டும்லே என்றான். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. அந்த வரி மட்டும் அவனுக்கு வரவில்லை. நெற்றியில் வேர்த்தது. துல்கர்னைன் சொல்லியிருக்கலாம், ஒரே வரிதான். சொன்னால் எழுதிவிடுவான், அடுத்த ஆள் வந்ததும் அதுவும் போய்விடும். அவன் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து வல்லிநாயகம் தலை நிமிர்ந்தான். அவன் கண்ணில் அப்போது ஒரு கலக்கமும் இல்லை. அதுதான் துல்கர்னைனுக்குத் தாங்கவில்லை.

"எனக்குன்னு பாத்து லேசாப் போட்டுக் கொண்டாந்திருக்கே, என்ன?"

துல்கர்னைன் கையிலிருந்த முதல் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அதக் கிழிச்சுரு. இதக் கொண்டு போய்க் குடு. தப்பா ஓடுத கணக்க சரின்னு சொல்லி நான் கையெழுத்துப் போட்டதில்லலே."

சொல்லிவிட்டு, நாற்பது என்ற தப்பு விடைக்குக் கீழே தன் பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தான். கோபமில்லை. துல்கர்னைனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். என் நாற்காலி இனி ஒனக்குத்தானே வரும், அந்தமட்டுக்கும் நல்லதுதான் என்றான். துல்கர்னைன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுகொண்டே முதல் காகிதத்தைக் கிழித்தான்.

அப்போதுதான் ஆவுடையம்மாள் உள்ளே வந்தாள். ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் காய்ந்தும் காயாமல் மடித்த சட்டைகள். வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கவா, கட்டம் போட்டதை வைக்கவா என்று வல்லிநாயகத்திடம் கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அவன் அவளைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். பிறகு துல்கர்னைனைப் பார்த்தான், வல்லிநாயகத்தின் முகமும் அவள் முகம்போலவே மலர்ந்தது.

"ஏலே துல்கர், எப்பம்லே வந்தே? பம்பாய்க்குக் கெளம்புதோமா?"

துல்கர்னைன் கையில் அந்தத் தப்பு விடைக் காகிதம்தான் மிச்சம் இருந்தது. பொய் சொல்ல இப்போது தடையே இல்லை. ஆமாம் என்று சொன்னாலும் அடுத்த ஆள் வரும்வரைதான். ஆனால் வல்லிநாயகத்தின் கையெழுத்து அந்தக் காகிதத்தில் இருந்தது, அதை மீற மனசு வரவில்லை. வல்லிநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கணக்குத் தப்பிப்போச்சு, நான் மட்டும்தான் போறேன் என்று சொன்னான். வல்லிநாயகம் அதைப் புதிதாகக் கேட்டான். புதிதாக முகம் விழுந்தது. எது தப்பு என்று கேட்டான், காகிதத்தைக் காட்டினதும் அம்பத்தெட்டைத் தேடினான். ஆவுடையம்மாள் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காப்பி ஆறியது.

கதவைத் தட்டிக்கொண்டு லாட்ஜ்காரர் வந்து, அருவியில் தண்ணீர் அளவாக விழுகிறது, கூட்டம் இல்லை, இப்போதே குளித்துவிட்டு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வல்லிநாயகம் திரும்பினான். துல்கர்னைனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எப்பம்லே வந்தே என்றான். ஆவுடையம்மாள் மடியில் இருந்த சட்டைகளைக் கண்டு, ஊருக்குக் கெளம்புதோமா என்றான்.

ஆவுடையம்மாள்தான் எழுந்தாள். சட்டைகளைக் கட்டிலில் வைத்தாள்.

"நாம போகலை," என்றாள். "அண்ணாச்சி மட்டுந்தான் போறாவ. நீங்க எந்திரிங்க, குளிச்சிட்டு வருவோம்."

அவன் முகம் விழுவதைப் பார்த்துக்கொண்டே அவன் தோளில் துண்டைப் போட்டாள்.