கந்தக வண்டியும் என் மூக்கும்

என் மச்சினன் எனக்குக் குழி பறிக்கிறான் என்பது முதலில் ஒரு போல்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எங்கள் தொழிற்சாலைக்குக் கந்தகம் ரயிலில் வருகிறது. மூட்டையில் அல்ல, உருக்கி, தடித்த உறை போர்த்திய டேங்க் வண்டிகளில். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் கொதிக்கக் கொதிக்க ஏற்றி அனுப்புவார்கள். ஆலைக்குள் வரும் கிளைத் தண்டவாளமான எங்கள் சைடிங்கில் வந்து நிற்பதற்குள் ஓரமெல்லாம் இறுகிப் பாறையாகியிருக்கும். வண்டியின் வயிற்றுக்குள் ஓடும் குழாய்களில் நீராவியை விட்டு, மறுபடி இளக்கி, பம்ப் வைத்து இறக்குவோம். அதை எரித்துத்தான் அமிலம் செய்கிறோம். அந்த அமிலம் இல்லாவிட்டால் உரமும் இல்லை, கார் பேட்டரியும் இல்லை. கந்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடு குறைந்தால் கல்லாகிவிடும்; அளவுக்கு மேல் ஏற்றினால் பாகு மாதிரி முறுகி, நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். என் மனைவி என்னைப் பற்றியும் இதையேதான் சொல்கிறாள்.

இறக்குவதற்கு முன் வண்டியின் உச்சியில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே விஷவாயு தேங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். அதை அளக்க எங்களுக்கு ஒரு சின்ன மீட்டர் கொடுத்திருந்தார்கள். தொட்டதற்கெல்லாம் கீச்சுக் கீச்சென்று அழும் அந்தச் சனியனை நான் என் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டேன். எனக்குத்தான் மூக்கு இருக்கிறதே! நான் வண்டி உச்சியை ஒட்டிய மேடையில் நின்று மோந்து பார்த்து "போகலாம்" என்ற பிறகுதான் குழாயை இறக்குகிற ஆள் மூடியருகே குனிவான். இந்த சைடிங்கில் அதுதான் சட்டம். குனிகிற ஆள் என் மச்சினன், மனைவியின் தம்பி.

அந்தப் போல்ட்டுக்கு வருகிறேன். வழியெல்லாம் கந்தகத் தூசு படிந்து, மூடியின் போல்ட்டுகள் மஞ்சள் பூத்துத்தான் வரும். அன்று காலை நான் ஏறியபோது மஞ்சள் உதிர்ந்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தது. யாரோ எனக்கு முன்னால் திறந்து மூடியிருக்கிறார்கள்.

"மாப்ளே, மூடியத் தொட்டியா?"

"நானா? இல்லியே மாமா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வீட்டில் எனக்குப் "போலீஸ்" என்று பெயர். வைத்தவள் மனைவி. கிண்டலுக்கு வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்தாள். எங்கே தப்பு நடந்தாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். அடுத்த வண்டியிலும் போல்ட் பளிச்சென்றிருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

அதோடு வீட்டிலும் குசுகுசுப்பு. அக்காவும் தம்பியும் சமையலறையில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்தால் பாத்திரச் சத்தம்தான் கேட்கும். ஒரு நாள் அவள் ஒரு டம்ளர் பாலை என் முன்னால் நீட்டினாள்.

"இத மோந்து பாருங்களேன். நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல." உடனே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள். நல்ல பாலை எந்தப் பெண்பிள்ளையாவது கொட்டுவாளா? அதில் என்ன கலந்திருந்தாள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கட்டிய மனைவியைப் போய் அப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நினைப்பு நிற்கவில்லை.

கடைசியில் கணக்கு நேராகிவிட்டது. மச்சினனுக்கு என் வேலை வேண்டும். ஒரு நாள் மூடியைத் திறந்தபடி விட்டு, பழியை என் தலையில் போட்டு, என்னை வெளியே தள்ளிவிடுவான். அக்காக்காரி உடந்தை. எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. மூக்கைத் தவிர வேறு முதலும் இல்லை.

"பல்லு வலி. நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு மெதுவாத்தான் வருவேன்" என்று இருவர் காதிலும் விழும்படி சொன்னேன். மறுநாள் விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய், நீராவி வால்வுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வந்தான். நேராக ஏணியில் ஏறினான். அவன் சட்டையில் தொங்கியது என் மீட்டர்! லாக்கரின் மாற்றுச் சாவி மனைவியின் பீரோவில் அல்லவா இருக்கிறது? போல்ட்டுகளைத் தளர்த்தி, நீளமான கம்பியால் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, காற்று வரும் பக்கமாக மேடைக் கோடிக்குப் போய் நின்றுகொண்டான்.

"கையும் களவுமா மாட்டினியாடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"மாமா! ஏறாதீங்க! மாமா!"

"ஏன், குட்டு ஒடைஞ்சிடுமா?"

ஏணியில் பாதி ஏறிவிட்டேன். மீட்டர் விடாமல் அலறியது. கண் எரிந்தது. கோபத்தில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வெறும் காத்துடா இது! ஒரு நாத்தமும் இல்ல. யார ஏமாத்துற?"

அவன் பாய்ந்து வந்து என் காலரைப் பிடித்துக் கீழே தள்ளினான். இருவரும் ஜல்லியில் விழுந்தோம். எழுந்திருக்கக்கூட விடாமல் பம்ப் அறைப் பக்கம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அடிக்க ஓங்கிய என் கை பாதியில் நின்றது.

பம்ப்காரர் தன் அறை வாசலில், அவ்வளவு தூரத்தில், துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "என்னய்யா நாத்தம் இது, கொடலப் பிடுங்குது" என்றார். மச்சினன் குனிந்து வாந்தி எடுத்தான்.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை இழுத்தேன். ஒன்றுமே இல்லை.

"எத்தன நாளா?" என்றேன்.

"தெரியல மாமா. அக்கா பால அடுப்புல வச்சுட்டுக் கடைக்குப் போனா. தீஞ்சு வீடே நாறுது, நீங்க பக்கத்துல பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்களாம். அப்புறம் ஒரு வண்டியில நீங்க போகலாம்னீங்க. நான் குனிஞ்சேன். தல சுத்தி உள்ளயே விழப் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? மேல எடத்துல சொன்னா உங்க வேல போயிடும். அதான் முன்னாடியே வந்து தொறந்து, வாயு போனப்புறம் மூடி வச்சேன்."

குனிந்தவன் விழுந்திருந்தால், அனுப்பியவன் நான். அழுதேன்; மறைக்கவில்லை.

அன்றே மேனேஜரிடம் போய் நானே சொல்லிவிட்டேன். இப்போது கீழே நின்று நீராவி வால்வைத் திருப்புகிறேன். மேடையில் நின்று, மீட்டரைப் பார்த்து, "போகலாம்" என்று சொல்வது மச்சினன். நான் சந்தேகப்பட்டபடியேதான் நடந்தது. என் வேலை அவன் கைக்குத்தான் போனது. கொடுத்தது நான்.

சாயங்காலம் மனைவி பால் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை எடுத்து அவளிடமே நீட்டினேன்.

"நீயே மோந்து சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மோந்தாள். "கெட்டுப்போச்சுங்க" என்றாள்.

வேண்டுமென்றே சொல்கிறாளோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.