பன்னுவுக்குத் தெரிந்த ஊர்கள்

மேகத்துக்கு மேலே, ஒரு மரப்பெட்டிக்குள் பன்னு நின்றுகொண்டிருந்தான். ஐந்து வயதுக் குதிரை. டீக்கடை பன் தின்றே பெயர் வாங்கியவன். சரக்கு விமானத்தில் ஜன்னல்கூட இல்லை. ஆனாலும் வெளியே மேகம் போவது தெரிந்த மாதிரி மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஓதினேன்.

"திருமழிசை, நசரத்பேட்டை, பூந்தமல்லி, குமணன்சாவடி... ஏறு, ஏறு, சீட்டு கீது."

இதுதான் அவனுக்குத் தாலாட்டு. என் அத்தா ஃபாரூக் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வழியிலுள்ள ஊர்களைக் கூவிக் கூவி எனக்கும் அதே வாய். குத்தம்பாக்கம் லாயத்தில் பன்னுவைப் பழக்கியபோது திருமழிசை என்றால் நடை, நசரத்பேட்டை என்றால் துள்ளுநடை, பூந்தமல்லி என்றால் பாய்ச்சல் என்று வைத்திருந்தேன். டிரெஸ்ஸாஜ் போட்டியில் குதிரை நடனமாடுவதுபோல் நடக்க வேண்டும், மேலே இருப்பவர் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு, காலாலும் இடுப்பாலும் சொல்லப் பழகினேன். அவனும் கேட்டுக்கொண்டான். பயம் வந்தால் மட்டும் அவன் காது பின்னால் திரும்பி என் குரலைத் தேடும்.

ஜெர்மனியில் நடக்கும் போட்டிக்குக் கிளம்பும்போதே லாயத்து முதலாளி சுப்பராயன் சொல்லிவிட்டார். "தோ பாரு சஹர், நல்லா ஆடினான்னா அங்கயே எவனாச்சும் வாங்கிக்குவான், குட்த்துட்டு வா. சொதப்பினா இட்டுகினு வா. இன்னா?"

என்ன மனுஷனோ! தலையாட்டி வைத்தேன். எனக்குள் வேறு கணக்கு ஓடியது. புது இடம், பன்னு எப்படியும் பயப்படுவான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சொதப்பிவிட்டு என்னோடு வீடு திரும்புவான். பேசக் கூடாது என்கிற போட்டிச் சட்டமே என் பக்கம்.

ஜெர்மனியில் பனி பெய்துகொண்டிருந்தது. அரங்கம் நிறைய ஜனம், ஒரு இருமல்கூட இல்லை. ஹாரன் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை அவன். நடுவில் போய் நின்று நடுவர்களுக்கு வணக்கம் வைத்தேன். பன்னு நகரவில்லை. என் தொடைக்குக் கீழே அவன் உடம்பு நடுங்கியது. காது பின்னால் திரும்பியது.

பேசாதே சஹர். பேசாமலிருந்தால் இவன் உன்னுடையவன்.

காது அப்படியே காத்திருந்தது. இவனை இப்படி நடுங்க விட்டுவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் என்ன கொஞ்சல் வேண்டிக் கிடக்கிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திருமழிசை," என்றேன்.

நடந்தான். நசரத்பேட்டையில் மண்ணில் கால் படாமல் மிதந்தான். பூந்தமல்லி என்றதும் விளக்குகள், கூரை, கண்ணாடிக்கு வெளியே விழுந்த பனி எல்லாம் எங்களோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றின. ஒவ்வொரு ஊருக்கும் மார்க் போய்க்கொண்டே இருந்தது. கடைசி இடம்தான் கிடைத்தது.

வெளியே ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி காத்திருந்தார். மார்க்கைப் பற்றி மூச்சு விடவில்லை. பன்னுவின் நெற்றியைத் தடவியபடி, சுப்பராயனிடம் போனில் விலை பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அவனிடம் என்னவோ சொன்னீர்களே, அதை எனக்கும் கற்றுத் தருவீர்களா? இங்கே அவன் பயப்படக் கூடாது."

தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மனசு வரவில்லை. ஊர் ஊராக, வரிசை மாறாமல் சொல்லிக்கொடுத்தேன். திருமழிசையில் அவர் நாக்கு இடறியது. விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். ஒருவழியாக அவர் சரியாகச் சொன்னபோது, பன்னுவின் காது என்னை விட்டு அவர் பக்கம் திரும்பியது.